முதலில் எந்த மொழி: பிஎச்பியா, ஜாவாஸ்கிரிப்ட்டா, பைதனா? திருகோணமலைப் பிள்ளைகளுக்காக ஓர் ஒப்பீடு

இணையத்தளம் செய்யப் பழக வேண்டும், முதலில் எந்த மொழியைப் படிப்பது? சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள். உயர்தரத்தில் ஐசிடி எடுத்தவர்கள், கோணேசபுரி வளாகத்தில் முதலாம் ஆண்டில் இருப்பவர்கள், பகலில் கடையிலோ கந்தோரிலோ வேலை பார்த்துவிட்டு இரவில் லப்டொப்பைத் திறப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்கும் பதில் பெரும்பாலும் பதில் சொல்பவருடைய விருப்பமாகவே இருக்கிறது. பைதன் தெரிந்தவர் பைதன் என்பார், கொழும்பில் கொம்பனியில் இருப்பவர் ஜாவாஸ்கிரிப்ட் என்பார், பத்து வருடமாகத் தளம் செய்து கொடுப்பவர் பிஎச்பி என்பார். நீ என்ன செய்யப் போகிறாய் என்று திருப்பிக் கேட்பவர் குறைவு.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் இருந்துகொண்டு, சில மாதங்களுக்குள் ஒருவருக்குப் பயன்படும் தளம் ஒன்றைச் செய்து முடிக்க நினைப்பவர் பிஎச்பியில் தொடங்குவது நல்லது. மூன்றிலும் சிறந்த மொழி என்பதால் இதைச் சொல்லவில்லை. அதன் குறைகளையும் கீழே எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவரை அதிகம் குழப்புவது லூப்போ ஃபங்ஷனோ கிடையாது. தான் எழுதிய கோட் எங்கே ஓடுகிறது, பார்ப்பவரின் பிரவுசரிலா, தொலைவில் இருக்கும் சேர்வரிலா என்பதுதான் குழப்புகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லையை மூன்று மொழிகளிலும் மிகத் தெளிவாகக் காட்டுவது பிஎச்பி.

பக்கத்தின் உள்ளடக்கத்தை அடுக்கும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இரண்டும் எந்த வழியில் போனாலும் வேண்டும். அவை இந்த ஒப்பீட்டில் இல்லை. அவற்றுக்கு இரண்டு மூன்று வாரம் ஒதுக்கிவிட்டு மேலே வாருங்கள்.

ஒரே வேலை, மூன்று மொழி

உப்புவெளியில் ஆறு ரூம் உள்ள ஒரு கெஸ்ட் ஹவுஸை எடுத்துக்கொள்வோம். நம் பக்கத்துக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். ஆட்கள் வருவதும், நிலாவெளியில் இருந்து புறாமலைக்குப் படகு போவதும் அந்த மாதங்களில்தான். வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் ரூம்கள் பூட்டிக்கிடக்கும். ஆக, தளத்தில் வேலை செய்ய நேரம் கிடைப்பது மழைக்காலத்தில், அது உழைக்க வேண்டியது வெயில் காலத்தில். உரிமையாளர் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. "தம்பி, ஆர் வருகினம், எண்டைக்கு வருகினம், எத்தினை நாள் நிக்கினம் எண்டு எனக்குத் தெரிஞ்சாக் காணும். கணக்கையும் அதே போட்டுக் காட்டட்டும்."

இதைப் பிரித்துப் பார்த்தால் நான்கு துண்டுகள் வரும்: ஒரு படிவம், ஒரு கணக்கு, தரவுத்தளத்தில் ஒரு பதிவு, உரிமையாளருக்குப் பட்டியலைக் காட்டும் ஒரு பக்கம். புரோகிராமிங்கின் அடிப்படை எல்லாம் இதற்குள் வந்துவிடும். பெயரையும் திகதியையும் வைத்திருக்க மாறிகள், ரூம் காலியா என்று பார்க்க இஃப், பட்டியலை வரிவரியாகக் காட்ட லூப், ஆறு ரூமையும் அடுக்கி வைக்க அரே, கணக்கைத் தனியாக எழுதி வைக்க ஃபங்ஷன்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் சுலபம். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய மொழி இது. பிரவுசருக்குள் ஓடுவதற்காகவே பிறந்தது. எதையும் இன்ஸ்டோல் செய்யத் தேவையில்லை. குரோமைத் திறந்து எஃப் 12ஐ அழுத்தி, கொன்சோலில் ஒரு வரி எழுதினால் உடனே பதில் வரும். படிவத்தில் நாள் எண்ணிக்கையை மாற்றினால் கீழே தொகை தானாக மாறுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு வரும் உற்சாகம் பெரிது, அதைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் அந்தத் தொகை போய்ச் சேர இடம் இல்லை. பக்கத்தை மூடினால் எல்லாம் போய்விடும். பதிவு செய்ய ஒரு சேர்வர் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டைச் சேர்வரில் ஓட்ட 2009இல் ரையன் டால் வெளியிட்ட நோட் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அங்கே போனதும் பிறர் எழுதிய கோட் பொதிகளை இறக்கும் கருவி, தளத்துக்கு அடித்தளமாக ஆயத்தமாக எழுதி வைத்த எக்ஸ்பிரஸ் போன்ற சட்டகம், பதிலுக்குக் காத்திருக்கும் அசிங்க் எழுத்துமுறை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். அதைவிட, ஒரே மொழி இரண்டு இடத்தில் ஓடும்போது, எந்த வரி எங்கே ஓடுகிறது என்று புதியவர் தடுமாறுவார். பிரவுசர் பக்கத்துக் கோடில் இருந்து நேரே தரவுத்தளத்தைத் தொட முயன்று, ஏன் நடக்கவில்லை என்று இரவு முழுக்கத் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

பைதன் 1991இல் கீடோ வான் ரொஸம் வெளியிட்டது. படிக்க அழகான மொழி. அடைப்புக்குறிகளுக்குப் பதில் உள்தள்ளலால் கோட்டை அடுக்குவதால், எழுதியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒழுங்காக எழுதியாக வேண்டும். உயர்தர ஐசிடியில் புரோகிராமிங் பகுதிக்குப் பைதன்தான், எனவே பள்ளிக்கூடத்திலேயே தொட்டுப் பார்த்தவர்கள் பலர். ஆனால் அது இணையத்துக்கென்று பிறந்த மொழி கிடையாது. இணையத்துக்குக் கொண்டுவர 2005இல் வந்த ஜாங்கோ, 2010இல் வந்த ஃபிளாஸ்க் போன்ற சட்டகம் ஒன்று வேண்டும். கெஸ்ட் ஹவுஸ் படிவத்துக்குக் கை வைக்கும் முன்னால் முகவரிகளைப் பிரித்து அனுப்பும் ரூட், பக்கத்தின் அச்சான டெம்பிளேட், ஒரு தளத்துக்குரிய பொதிகளைத் தனியாக வைக்கும் வேர்ச்சுவல் என்விரோன்மென்ட் என்று மூன்று புதிய விஷயங்களைப் படிக்க வேண்டும். மொழி தெரிந்தும் தளம் வராமல் நிற்கும் இந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பிஎச்பிக்கு வருவோம். ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1994இல் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதத் தொடங்கி, 1995இல் மற்றவர்களுக்கும் கொடுத்தார். அந்தப் பிறப்பு இன்றும் மொழியில் தெரிகிறது. எச்டிஎம்எல் பக்கம் ஒன்றை எடுங்கள், ஃபைல் பெயரின் முடிவைப் பிஎச்பி என்று மாற்றுங்கள், தேவையான இடத்தில் பிஎச்பி குறியைத் திறந்து, திரையில் காட்டச் சொல்லும் எக்கோ என்ற சொல்லை எழுதி ஒரு மாறியைப் போடுங்கள், அரைப்புள்ளி வைத்து மூடுங்கள். அவ்வளவுதான். சேமித்து, பிரவுசரில் ரிஃப்ரெஷ் செய்தால் மாற்றம் தெரியும். ஒவ்வொரு முறை பக்கம் கேட்கப்படும்போதும் கோட் மேலிருந்து கீழே ஒருமுறை ஓடி, எச்டிஎம்எல்லைக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மறந்துவிடும். புதியவரின் தலைக்குள் நிற்கக்கூடிய மாதிரி இது.

இதில் ஒரு பரிசோதனையை எல்லோரையும் செய்யச் சொல்வேன். ஒரு பிஎச்பி பக்கத்தைத் திறந்து, வலது கிளிக் செய்து, பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள். நீங்கள் எழுதிய இஃப்பும் லூப்பும் அங்கே இருக்காது. விளைவாக வந்த எச்டிஎம்எல் மட்டும் இருக்கும். அதே பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் இருந்தால் அது வரிக்கு வரி அப்படியே தெரியும். சேர்வருக்கும் பிரவுசருக்கும் நடுவில் உள்ள எல்லை எது, தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை ஏன் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதக்கூடாது என்பதெல்லாம் அந்த ஒரு கிளிக்கில் விளங்கிவிடும்.

8000உம் 1500உம்

ரூம் வாடகை 8000 ரூபா, காலைச் சாப்பாடு 1500 ரூபா என்று வைப்போம். இரண்டும் படிவத்தில் இருந்து வருகின்றன. படிவத்தில் இருந்து வருவது எதுவானாலும் எழுத்துத் தொடராகத்தான் வரும், எண்ணாக வராது. இரண்டையும் கூட்டல் குறி போட்டுக் கூட்டினால் என்ன நடக்கும்?

ஜாவாஸ்கிரிப்ட் 80001500 என்று காட்டும். எட்டுக் கோடி ரூபா! அங்கே கூட்டல் குறி எழுத்துத் தொடர்களை ஒட்டவும் பயன்படுவதால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடுகிறது. ஆனால் அதே இரண்டையும் கழிக்கச் சொன்னால் 6500 என்று சரியாகச் சொல்லும், ஏனென்றால் கழித்தலுக்கு ஒட்டும் வேலை இல்லை. கூட்டினால் பிழை, கழித்தால் சரி. முதல் மாதத்தில் இருக்கும் ஒருவரை இது பாடாய்ப் படுத்தும்.

பிஎச்பியில் ஒட்டுவதற்குப் புள்ளி, கூட்டுவதற்குக் கூட்டல் குறி. இரண்டும் வேறு வேறு. அதனால் விடை 9500. யாராவது 8000 ரூபா என்று சொல்லோடு சேர்த்து எழுதியிருந்தால், இப்போதைய பிஎச்பி 8 ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு முன்னால் உள்ள எண்ணை எடுத்துக் கணக்குப் போடும்.

பைதனிலும் கூட்டல் குறிக்கு ஒட்டும் வேலை உண்டு, எனவே இரண்டையும் மாற்றாமல் கூட்டினால் அதுவும் 80001500 என்றுதான் தரும். ஆனால் ஒன்றை எண்ணாக மாற்றி மற்றதை மறந்துவிட்டால், அது மேலே போகாமல் அந்த வரியிலேயே நின்று, எண்ணையும் எழுத்தையும் கூட்ட முடியாது என்று சொல்லிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அந்த இடத்திலும் பேசாமல் ஒட்டும். பிழையை மறைக்காமல் சொல்வதில் பைதனுக்கு முதலிடம், இதை மறுக்க முடியாது. ஆனால் படிவத்தில் வந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடும் சின்ன வேலையில் பிஎச்பி உங்களைக் குறைவாகவே இடறிவிடும்.

திகதியிலும் இப்படித்தான். ஜாவாஸ்கிரிப்ட்டில் மாதங்கள் பூச்சியத்தில் தொடங்குகின்றன: ஜனவரி 0, ஆகஸ்ட் 7. ஆகஸ்டுக்குக் கேட்ட ரூமை எண்ணைப் பார்த்து ஜூலைக்குப் பதிந்துவிட்டால் சீசனில் யாருக்கு ரூம் கொடுப்பது? பிஎச்பியிலும் பைதனிலும் ஜனவரி 1தான். பிஎச்பிக்கு வேறு ஒரு வில்லங்கம் உண்டு: நேர வலயத்தை அமைக்காவிட்டால் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் ஓடும். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணித்தியாலம் வித்தியாசம். விடிய நான்கு மணிக்கு வந்த பதிவு முதல்நாள் இரவு பத்தரைக்கு வந்ததாக எழுதப்படும். கோட்டின் தொடக்கத்தில் கொழும்பு நேரத்தை ஒரு வரியில் அமைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

தமிழ் எழுத்து என்று வந்தால்

நம் பிள்ளைகள் செய்யும் தளத்தில் தமிழ் இருக்கும், இருக்கவும் வேண்டும். பாடங்களில் ஆங்கிலப் பெயர்களையே உதாரணமாகக் காட்டுவதால் இந்தப் பகுதி யார் கண்ணிலும் படுவதில்லை.

திருகோணமலை என்ற சொல்லை எடுங்கள். தி, ரு, கோ, ண, ம, லை: நம் கணக்கில் ஆறு எழுத்து. பிஎச்பியில் சாதாரணமாக நீளம் பார்க்கும் ஃபங்ஷன் 30 என்று சொல்லும். அது பைட்டுகளை எண்ணுகிறது. யூனிகோட்டின் யுடிஎஃப் 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். எம்பி என்று தொடங்கும் மாற்று ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் 10 என்று வரும். அது மெய்யையும் மேலே ஏறும் குறியையும் தனித்தனியே எண்ணுகிறது. கிராஃபீம் என்று தொடங்கும் இன்னொன்று இருக்கிறது, அதுதான் 6 என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட்டும் பைதனும் நேரடியாகக் கேட்டால் 10 என்று சொல்லும்.

முகவரியின் முதல் 20 எழுத்தை மட்டும் காட்டு என்று பிஎச்பியின் சாதாரண வெட்டும் ஃபங்ஷனிடம் சொன்னால், 20 பைட்டில் வெட்டும். 20 என்பது மூன்றால் பிரிபடாத எண், எனவே இடைவெளி இல்லாத தமிழ்த் தொடரில் ஒரு குறி நடுவில் அறுபட்டு, கடைசியில் கறுப்பு வைர வடிவில் ஒரு கேள்விக்குறி வந்து நிற்கும். எம்பி வகையில் வெட்டினால் அது வராது, ஆனால் கோவின் ஓகாரக் குறி கழன்று வெறும் க நிற்கலாம். இந்த இடத்தில் பிஎச்பிக்குத்தான் மதிப்பெண் குறைவு. தெரிந்துகொண்டால் சமாளிக்கலாம், தெரியாமல் போனால் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் எல்லாம் திரையில் உடைந்து கிடக்கும்.

தரவுத்தளத்தில் தமிழுக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால், அதற்குக் காரணம் மொழியின் குறை கிடையாது. அட்டவணையையும் தொடர்பையும் யுடிஎஃப் 8 எம்பி 4 என்ற எழுத்துத் தொகுப்பில் அமைக்கவில்லை என்று பொருள். இன்னும் ஒன்று: பழைய அறிவித்தல்கள், விலைப்பட்டியல்கள் பல பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை யூனிகோட்டுக்கு மாற்றாமல் ஒட்டினால் எந்த மொழியாலும் காப்பாற்ற முடியாது.

ஏற்றுவதும் நடத்துவதும்

செய்து முடித்த தளத்தை மற்றவர்கள் பார்க்க வைப்பதில் பிஎச்பி முன்னுக்கு நிற்கிறது. ஒரே சேர்வரில் பல தளங்களுக்கு இடம் கொடுக்கும் மலிவான பகிர்வு ஹோஸ்டிங் எதை வாங்கினாலும் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் அதோடு வரும். ஃபைல்களை ஏற்றினால் ஓடும். நோட்டுக்கும் பைதனுக்கும் பெரும்பாலும் தனியான சேர்வரோ அதற்கென்று உள்ள சேவையோ வேண்டும். புரோகிராம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பிரவுசர் பக்கத்து ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் என்றால் கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் காசில்லாமல் வைக்கலாம், ஆனால் பதிவுகளைச் சேமிக்க முடியாது.

லப்டொப்பில் பழகவும் இதே மாதிரித்தான். ஸாம்ப் என்ற தொகுப்பை ஒருமுறை இறக்கினால் அப்பாச்சி என்ற சேர்வர், மரியாடிபி என்ற தரவுத்தளம், பிஎச்பி மூன்றும் வந்துவிடும். பழைய மெஷினிலும் ஓடும், அதற்குப் பிறகு டேட்டா தேவையில்லை. அதன் எச்டிடொக்ஸ் ஃபோல்டருக்குள் ஃபைலைப் போட்டு, லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் பக்கம் வரும். அப்பாச்சி தொடங்க மறுத்தால் 80ஆம் போர்ட்டை வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். கைபேசி மட்டும் இருப்பவருக்கு ஜாவாஸ்கிரிப்ட்தான் வசதி.

பிஎச்பி படிக்கப் போகிறவர் கவனிக்க வேண்டிய ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த மொழிக்கு வயது அதிகம், எனவே பழைய பாடங்களும் அதிகம். மைஎஸ்கியூஎல் என்ற பெயரிலேயே தொடங்கிய பழைய ஃபங்ஷன்கள் 2015இல் வந்த பிஎச்பி 7இல் இருந்து நீக்கப்பட்டுவிட்டன. இன்றும் அவற்றைச் சொல்லித்தரும் வீடியோக்களும் ரியூசன் நோட்ஸும் சுற்றுகின்றன. பார்த்து எழுதினால் ஓடாது. ஓடினாலும், படிவத்தில் வந்த பெயரை அப்படியே கட்டளைக்குள் ஒட்டும் அந்தப் பழக்கம் ஆபத்தானது. பெயருக்குப் பதில் தரவுத்தளக் கட்டளை ஒன்றை எழுதி முழுப் பதிவையும் ஒருவர் அழித்துவிட முடியும். வெளிநாட்டவரின் கடவுச்சீட்டு இலக்கம் அந்த அட்டவணையில் இருக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். பாடத்தில் தரவுத்தளத்தோடு பேசப் பிஎச்பியில் உள்ள பிடிஓவும், இடத்தை முதலில் விட்டு மதிப்பைப் பிறகு கொடுக்கும் பிரிபேர் முறையும் இருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் மூடிவிட்டு வேறு பாடம் தேடுங்கள்.

மற்றக் குறைகள் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. ஃபங்ஷன் பெயர்களில் ஒழுங்கு இல்லை: சிலவற்றில் அடிக்கோடு உண்டு, சிலவற்றில் இல்லை, தேடப்படுவது ஓரிடத்தில் முதலில் வரும், வேறிடத்தில் இரண்டாவதாக வரும். இரண்டு சமன்குறிக்கும் மூன்று சமன்குறிக்கும் உள்ள வித்தியாசத்தை ஜாவாஸ்கிரிப்ட்டிலும் படிக்க வேண்டியிருக்கும், இங்கேயே படித்துவிடலாம். அரைப்புள்ளியை விட்டுவிட்டால் பிழைச் செய்தி பெரும்பாலும் அடுத்த வரியின் எண்ணைத்தான் காட்டும். ஆகவே சொன்ன வரியில் பிழை இல்லையென்றால் அதற்கு மேல் வரியைப் பாருங்கள்.

அப்போ யாருக்கு எது?

ஊரில் உள்ள கெஸ்ட் ஹவுஸ், கடை, கோயில், விளையாட்டுக் கழகம் என்று தளம் செய்து கொடுத்துக் கொஞ்சம் உழைக்கவும் நினைப்பவருக்குப் பிஎச்பி. ஆயத்தமாகத் தளம் அமைக்க உதவும், 2003இல் தொடங்கிய வேர்ட்பிரஸ் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது, உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு அதில் ஓடுகின்றன. இங்கே கிடைக்கும் சின்ன வேலைகள் பல, ஏற்கனவே இருக்கும் வேர்ட்பிரஸ் தளத்தைத் திருத்தும் வேலைகள். உயர்தர ஐசிடியின் இணையப் பகுதியிலும் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் வருவதால் பரீட்சைக்கும் உதவும். பிறகு பெரிதாகச் செய்ய நினைத்தால் 2011இல் வந்த லாரவெல் என்ற பிஎச்பி சட்டகம் இருக்கிறது.

கொழும்புக் கொம்பனியிலோ, வீட்டில் இருந்தபடி வெளிநாட்டுக்கோ வேலை செய்ய நினைப்பவர் ஜாவாஸ்கிரிப்ட்டைத் தவிர்க்கவே முடியாது. அங்கே பிரவுசர் பக்கத்துக்கு ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பும், சேர்வருக்கு நோட்டும் கேட்பார்கள். அவர்களும் இரண்டு மாதம் பிஎச்பியில் ஒரு படிவத்தை முழுமையாகச் செய்துவிட்டுப் போனால், நோட்டில் எது சேர்வர் எது பிரவுசர் என்று திணற மாட்டார்கள் என்பது என் எண்ணம். வடிவமைப்பில் ஆசை உள்ளவர், திரையில் அசைவதைப் பார்த்தால்தான் மனம் நிற்கும் என்பவர், நேரே ஜாவாஸ்கிரிப்ட்டில் இறங்கலாம்.

பைதனில் ஏற்கனவே கை ஓடும் உயர்தர மாணவர் அதை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. தரவு ஆய்வு, இயந்திரக் கற்றல் பக்கம் போகிறவர்களும் அதிலேயே நிற்கட்டும். அவர்களுக்குத் தளம் தேவைப்பட்டால் ஜாங்கோவை விட ஃபிளாஸ்க் சின்னது, அதில் தொடங்குவது இலகு.

பிஎச்பி என்று முடிவெடுத்தவர் முதல் மாதம் சட்டகம் எதையும் தொடாமல் இருங்கள். மேலே சொன்ன படிவத்தை எடுத்து, முதலில் பெயரை வாங்கித் திரும்பக் காட்டும் பக்கம், அடுத்து நாட்களைப் பெருக்கித் தொகை சொல்லும் பக்கம், அப்புறம் பிடிஓவில் பதியும் பக்கம், கடைசியாகப் பட்டியல் என்று ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். தொகையை ஜாவாஸ்கிரிப்ட்டில் உடனுக்குடன் காட்டினாலும், பதியும்போது சேர்வரில் மறுபடி கணக்கிடுங்கள். பிரவுசரில் இருந்து வந்த தொகையை நம்பிப் பதிந்தால், எஃப் 12 தெரிந்த ஒருவர் தன் ரூமுக்குத் தானே விலை போட்டுக்கொள்வார். பெயரைத் திரையில் திரும்பக் காட்டும் ஒவ்வோர் இடத்திலும் எச்டிஎம்எல் குறிகளைச் செயலிழக்கச் செய்யும் ஃபங்ஷனைப் போடுங்கள். தமிழில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் ஒரு பெயர், ஒன்றும் எழுதாத வெறும் படிவம் ஒன்று, வரும் நாளுக்கு முன்னால் போகும் நாள் போட்ட படிவம் ஒன்று என்று நான்கையும் அனுப்பிப் பார்த்த பிறகு உரிமையாளரிடம் காட்டுங்கள்.